பைக்கின் பின்விளக்கும் போல்ட் துருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கு மாற்றுவது ஒரு வேலை, துருவைத் தடுப்பது வேறொரு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பைக்கின் பின்பக்கத்தில் இவை இரண்டும் ஒரே வேலை. பல வண்டிகளில் பின்விளக்கின் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஒரு போல்ட் வழியாகத்தான் சட்டகத்துக்குப் போகிறது. அந்த போல்ட் துருப்பிடித்தால் விளக்கு மங்கும். புது விளக்கு மாட்டியும் மங்கலாகவே இருக்கிறது என்று திணறுபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது உப்புத்தாளும் ஒரு நல்ல வாஷரும்தான். கீழே உள்ளவை 12 வோல்ட் வண்டிகளுக்கானவை.

விளக்கு வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இப்போது இருக்கும் பல்பைக் கழற்றி, அதன் உலோக அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டெயில், பிரேக் இரண்டுக்கும் ஒரே பல்பு என்றால் அது பெரும்பாலும் 12 வோல்ட் 21/5 வாட் இரட்டை இழை பல்பு. 1157 என்ற எண்ணிலும் கிடைக்கும். அதன் இரு பக்கக் குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அழுத்தித் திணித்தால் 5 வாட் இழை பிரேக்குக்கும் 21 வாட் இழை டெயிலுக்கும் போய்விடும். பிறகு லென்ஸ் உருகும், பின்னால் வருபவருக்கு பிரேக்கும் தெரியாது.

அடுத்து மூன்று அளவுகள் வேண்டும்: பின்சட்டகத்தில் உள்ள துளைகளின் இடைவெளி, இண்டிகேட்டர் தண்டின் துளை (வெளிச்சந்தை இண்டிகேட்டர்கள் பெரும்பாலும் எம்8 அல்லது எம்10, அதாவது 8 அல்லது 10 மி.மீ. தண்டு), கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்கில்) உள்ள பின்களின் எண்ணிக்கை. கையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும்.

என் வண்டியில் டெயில் லைட்டுக்கு வருவது ஏசியா, டிசியா?

இதைப் பார்க்காமல் எல்இடி மாட்டுவதுதான் சிறிய வண்டிகளில் நடக்கும் முதல் தவறு. எஞ்சினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் போடுங்கள், விளக்கு ஸ்விட்சையும் போடுங்கள். டெயில் லைட் எரிந்தால் டிசி. எஞ்சின் ஓடினால்தான் எரிகிறது, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வெளிச்சம் கூடுகிறது என்றால் அநேகமாக ஏசி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இத்தகைய வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயிலும் மேக்னட்டோவின் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பகுதியின்) ஏசியில் ஓடும். பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் ஆகியவை பேட்டரியில் ஓடும்.

எல்இடி ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். எதிர்த்திசையில் ஒரு எல்இடி தாங்குவது ஏறத்தாழ 5 வோல்ட்தான். ஏசியில் நேரடியாகப் போட்டால் விளக்கு நடுங்கும், சில வாரங்களில் பாதி எல்இடிகள் செத்துவிடும்.

"ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு பிரிட்ஜ் போட்டால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை எங்கும் கேட்கும். இரட்டை விளக்கில் அது சிக்கல். ஏசி ஒற்றை வயராக வந்து சட்டகம் வழியாகத் திரும்பும் வண்டியில், பிரிட்ஜின் நெகட்டிவ் முனை சட்டகம் அல்ல. அதைச் சட்டகத்தோடு சேர்த்தால் ஏசியின் ஒரு பாதி அலை ஒரே டையோடு வழியாக ஷார்ட் ஆகும். டெயிலுக்கும் பிரேக்குக்கும் எர்த் பொது என்பதால் இதைத் தவிர்க்கவும் வழியில்லை.

சுலபமான தீர்வு, டெயில் வயரைச் சாவி போட்டதும் உயிர்பெறும் பேட்டரி வயருக்கு மாற்றிவிடுவது. எல்இடி டெயில் எடுப்பது 0.1 ஆம்பியர் அளவுதான் என்பதால் பேட்டரிக்குச் சுமையே இல்லை. நடுவில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பழைய ஏசி வயரின் முனையை இன்சுலேட் செய்து கட்டி வையுங்கள், தொங்க விடாதீர்கள்.

பல்பை மட்டும் எல்இடி பல்பாக மாற்றினால் போதுமா?

போதும், ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு லென்ஸுக்குள் சிவப்பு எல்இடிதான் போட வேண்டும். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலமும் மஞ்சளும் அதிகம், ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு லென்ஸ் மீதி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது கண்ணைக் கூசிய பல்பு உள்ளே போனதும் வெளிறிய ரோஜா நிறமாகத் தெரிவது இதனால்தான். ஒரு விதிவிலக்கு உண்டு: லென்ஸின் அடியில் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தரும் தெளிவான ஜன்னல் இருந்தால், சிவப்பு பல்பு போட்டால் பிளேட்டும் சிவப்பாகத் தெரியும். அப்போது பக்கங்களில் சிவப்பும் அடியில் வெள்ளையும் உள்ள பல்பைத் தேடுங்கள். இல்லையென்றால் பிளேட்டுக்குத் தனி வெள்ளை விளக்கு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய விளக்கின் பிரதிபலிப்பான், இழை இருக்கும் புள்ளிக்காக வடிவமைக்கப்பட்டது. எல்லா எல்இடிகளும் முனையில் மட்டும் இருக்கும் பல்பில் அந்தப் பிரதிபலிப்பானுக்கு வேலையே இல்லை. நேர்பின்னால் பிரகாசமாகத் தெரியும், பக்கவாட்டில் இருண்டு போகும். சுற்றிலும் எல்இடி உள்ளதை வாங்குங்கள். மாட்டியதும் 10 மீட்டர் தள்ளி, இரு பக்கமும் 45 பாகையில் நின்று, பகலில் பாருங்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று தெரியவில்லை என்றால், அந்த பல்பு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் வேண்டாம்.

பிரேக் பிடித்தால் டெயில் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் டெயிலும் சேர்ந்து துடிக்கிறது. ஏன்?

எர்த் போய்விட்டது. வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அதைப் பாருங்கள்.

இரட்டை இழை பல்பில் இரு இழைகளுக்கும் எர்த் பொது. அந்த எர்த் அறுந்தால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, டெயில் இழைக்குள் புகுந்து, அங்கிருந்து நம்பர் பிளேட் விளக்கு வழியாகவோ மீட்டர் விளக்கு வழியாகவோ எர்த்தைத் தொடும். எல்லாமே அரைகுறையாக எரியும். புது பல்பு வாங்கிப் போட்டாலும் இதேதான் நடக்கும்.

சோதிக்கும் முறை: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையை பல்பு ஹோல்டரின் உலோக உடலிலும் வையுங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2 வரை பொறுக்கலாம். 0.5க்கு மேல் போனால் வழியில் எங்கோ துரு இருக்கிறது. பிரேக் எரியும்போதுதான் இதை அளக்க வேண்டும். மின்னோட்டம் இல்லாத நேரத்தில் அளந்தால் எவ்வளவு மோசமான எர்த்தும் பூஜ்யம் காட்டும். எர்த்தில் ஓம் அளந்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறுவதும் இப்படித்தான்: ஒரே ஒரு செம்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்லது என்றே சொல்லும்.

சரிசெய்ய, எர்த் வளையத்தைக் கழற்றுங்கள். சட்டகத்தில் அது உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் உலோகம் மின்னும் வரை சுரண்டுங்கள், வளையத்தின் அகலத்துக்கு மட்டும். பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸலினோ மெழுகுப் பூச்சோ தடவி மூடுங்கள். சுரண்டிய உலோகத்தை அப்படியே விட்டால் ஒரே மழைக்காலத்தில் பழைய கதைதான். ரப்பர் புஷ்களில் தொங்கும் விளக்கு, பவுடர் கோட்டிங் செய்த சட்டகம், ஃபைபர் மட்கார்டு ஆகியவற்றில் போல்ட்டை நம்பவே வேண்டாம். ஹோல்டரிலிருந்து 0.75 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றை வண்டியின் முதன்மை எர்த் புள்ளி வரை தனியாக இழுத்துவிடுங்கள்.

முழு எல்இடி யூனிட்டில் மூன்று வயர் வருகிறது. எது எது?

கறுப்பு எர்த் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறங்களுக்கு உலகப் பொது விதி கிடையாது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வயரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். எர்த் சரியாக அமைந்தால் மற்ற இரண்டில் ஒன்று மங்கலாகவும் ஒன்று பிரகாசமாகவும் எரியும். மங்கலானது டெயில். வண்டிப் பக்கத்தில், சாவியும் விளக்கும் போட்டதும் 12 வோல்ட் வரும் வயர் டெயில், மிதித்தால் மட்டும் வருவது பிரேக். பிரேக்கைக் கால் பெடலிலும் கை லிவரிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டுக்கும் தனி ஸ்விட்ச்.

கால் பெடல் ஸ்விட்சைச் சரிசெய்யும்போது ஸ்விட்சின் உடலைத் திருகாதீர்கள், நட்டைத் திருகுங்கள். உடல் சுழன்றால் உள்ளே வயர் முறுக்கி அறும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும்.

எல்இடி இண்டிகேட்டர் போட்டதும் வேகமாகத் துடிக்கிறது, அல்லது எரிந்தபடியே நிற்கிறது. என்ன செய்வது?

இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் பழைய ஃபிளாஷர் ரிலே, ஓடும் மின்னோட்டத்தை வைத்து வேலை செய்கிறது. இரண்டு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் எடுக்கும். எல்இடி எடுப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சூடேறி வளையும் தகடு கொண்ட ரிலே போதிய சூடு இல்லாமல் எரிந்தபடியே நிற்கும். பல்பு போனதைக் கண்டுபிடிக்கும் எலக்ட்ரானிக் ரிலே, ஒரு பல்பு போய்விட்டது என்று நினைத்து வேகமாகத் துடிக்கும்.

இதற்குச் சரியான வழி, சுமையைச் சாராத எலக்ட்ரானிக் ரிலே. மூன்று பின் ரிலே வாங்கினால் பி பேட்டரி, எல் விளக்கு, இ எர்த். சந்தையில் உள்ள சிலவற்றில் பின்களின் இடம் மாறியிருக்கும், எழுத்தைப் பார்த்து மாட்டுங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 120க்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, எல்இடிக்கு இணையாக ஒரு தடையம் (ரெசிஸ்டர்) வைப்பது. 21 வாட் பல்புக்கு ஈடாக 6.8 ஓம், 50 வாட். 13.8 வோல்ட்டில் அது 28 வாட் சூட்டை உமிழும். பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கட்டினால் பிளாஸ்டிக் உருகும், வயர் கட்டுக்குள் வைத்தால் இன்சுலேஷன் உருகும். சீட்டுக்கடியில் இடம் இருக்கும் வண்டியில் ரிலே மாற்றுவதை விட்டுவிட்டு இதை ஏன் செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ரிலே மீட்டருக்குள்ளேயே அடங்கிய வண்டிகளில் மட்டும் வேறு வழியில்லை. அங்கே தடையத்தை உலோகச் சட்டகத்தில் திருகி வையுங்கள்.

ரிலேயும் மாற்றியாகிவிட்டது. இப்போது இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் நான்கு இண்டிகேட்டரும் மின்னுகின்றனவே?

மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே அறிகுறி பல்பு உள்ள வண்டிகளில் இது நடக்கும். அந்தச் சிறு பல்பு இட வயருக்கும் வல வயருக்கும் நடுவே கட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் உயிர்பெறும்போது மின்சாரம் அந்த பல்பு வழியாகப் போய் வலப்பக்க விளக்குகள் மூலம் எர்த்தைத் தொடும். வலப்பக்கம் பழைய 21 வாட் பல்புகளாக இருந்தபோது அந்தச் சிறு மின்னோட்டம் அவற்றை எரிக்கப் போதவில்லை. எல்இடிக்கு அதுவே போதும்.

இரண்டு 1என்4007 டையோடுகள் இதைத் தீர்க்கும். அறிகுறி பல்பின் இரு வயர்களையும் கழற்றுங்கள். இட வயரிலிருந்து ஒரு டையோடு, வல வயரிலிருந்து ஒரு டையோடு, இரண்டின் வெள்ளைக் கோடுள்ள முனைகளையும் ஒன்றுசேர்த்து பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள். பல்பின் மறு முனை எர்த்துக்கு. எந்தப் பக்கம் போட்டாலும் அறிகுறி எரியும், மறுபக்கத்துக்கு ஒன்றும் கசியாது.

எல்இடி பட்டை ஒட்டலாமா?

கூடுதல் பிரேக் வெளிச்சத்துக்கு ஒட்டலாம், ஆனால் முதன்மை விளக்காக வேண்டாம். 12 வோல்ட் பட்டை என்று விற்பது சரியாக 12 வோல்ட்டுக்குக் கணக்கிட்டது. ஓடும் பைக்கில் வருவது 14.4 வரை. மூன்று சிவப்பு எல்இடிகள் தொடரில் ஏறத்தாழ 6 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 6 வோல்ட் தடையத்தில் விழும். 14.4 ஆனால் தடையத்தில் 8.4, அதாவது மின்னோட்டம் 40 சதவீதம் கூடும். வெள்ளையில் இன்னும் மோசம்: மூன்று எல்இடிகள் 9.6 வோல்ட் எடுக்கும், தடையத்துக்கு மிஞ்சுவது 2.4. 14.4இல் அது 4.8, மின்னோட்டம் இரட்டிப்பு. பட்டைகள் சில மாதங்களில் திட்டுத்திட்டாக அணைவதற்குக் காரணம் இதுதான். வாகனத்துக்கென்றே தயாரித்த, 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் யூனிட்டை வாங்குங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள். வெட்டிய முனையை மூடாமல் விட்டால் அந்த முனையிலிருந்து தொடங்கி உள்ளே பச்சைக் களிம்பு ஏறும்.

பெரிய மட்கார்டை எடுத்துவிட்டுக் குட்டை வால் மாட்டினால் என்ன ஆகும்?

அழகாக இருக்கும், ஆனால் மட்கார்டு தடுத்துக்கொண்டிருந்த சேறு இனி சஸ்பென்ஷன், பின்சட்டகத்தின் அடிப்பகுதி, கப்ளர்கள், உங்கள் முதுகு எல்லாவற்றிலும் அடிக்கும். துருப்பிடிக்கும் வேகம் கண்கூடாகக் கூடும். சஸ்பென்ஷனின் முன்னால் ஒரு சிறு ரப்பர் தடுப்பாவது கட்டுங்கள்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் நம்பர் பிளேட்டையோ அதன் போல்ட் முனைகளையோ தொடக்கூடாது. இருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போதுதான் இது தெரியவரும், எனவே ஸ்டாண்டில் நிறுத்திக் கண்ணால் பார்த்தது போதாது. இறுக்கும் பட்டையால் (ஸ்ட்ராப்) வண்டியின் பின்பக்கத்தைக் கட்டி அமுக்கிப் பாருங்கள். போல்ட் முனை எப்போதும் டயர் பக்கம் நீட்டாமல், தலை டயர் பக்கமாக இருக்கட்டும். இரண்டாவது, பின் பிரதிபலிப்பானும் பிளேட் விளக்கும் பழைய மட்கார்டோடு போயிருக்கும். அவற்றைப் புதிதில் திரும்ப மாட்டுங்கள்.

இண்டிகேட்டர்களையும் ரொம்ப நெருக்கிவிடாதீர்கள். ஐ.நா.வின் மோட்டார் சைக்கிள் விளக்கு விதி 53 பின் இண்டிகேட்டர்களுக்கு நடுவே குறைந்தது 180 மி.மீ. இடைவெளி கேட்கிறது. விதி இல்லாத ஊரானாலும் காரணம் மாறாது: பிரேக் விளக்குக்கு ஒட்டி இருக்கும் இண்டிகேட்டரை பிரேக் வெளிச்சம் விழுங்கிவிடும்.

துடிக்கும் பிரேக் லைட் வைக்கலாமா?

பல நாடுகளில் பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்த இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நகர நெரிசலில் முன்னால் நிற்கும் வண்டி ஓயாமல் துடித்தால் பின்னால் இருப்பவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

வயரை ஈயம் வைத்து ஒட்டவா, கிரிம்ப் செய்யவா?

கிரிம்ப், அதாவது உலோக முனையை இடுக்கியால் நசுக்கி வயரோடு பிணைப்பது. ஈயம் வைத்த இடத்தில் வயர் கம்பிபோல் விறைத்துவிடும். அதிர்வில், ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தின் இரு பக்கமும் வயர் ஆடாமல் கட்டிவையுங்கள். இணைப்பின் மேல் உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் போடுங்கள். பசை இல்லாத குழாய் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் வெயிலில் பசை இளகி நழுவும்.

வயரை வெட்டாமலேயே மேலே கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வருகின்றன. அவசரத்துக்கு வசதிதான். ஆனால் இன்சுலேஷனைக் கிழித்துத் தண்ணீருக்கு வாசல் திறப்பதும் அவைதான். தண்ணீர் செம்பு நூல்களுக்கிடையே ஊறி ஏறும். ஓராண்டு கழித்து வயரை உரித்தால் உள்ளே கறுத்துப்போயிருக்கும், கறுத்த செம்பில் எதுவும் ஒட்டாது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

லென்ஸுக்குள் பனி பிடிக்கிறது. சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடலாமா?

அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும், அதை மூடாதீர்கள். விளக்கு சூடேறி ஆறும்போது காற்று உள்ளே வெளியே போய்வர வேண்டும். எல்லாவற்றையும் அடைத்தால் எப்படியோ உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் ஹோல்டரைத் தின்றுவிடும். துளையில் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள், கேஸ்கெட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

சிலிக்கான் பூசியே ஆக வேண்டிய இடத்தில் வினிகர் வாசனை அடிக்கும் வகையைப் பயன்படுத்தாதீர்கள். அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது செம்பையும் இரும்பையும் அரிக்கும். வாசனை இல்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கப்ளருக்குள் கிரீஸ் வைக்கலாமா? கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்காதா?

சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, அது உண்மை. பின் அழுத்தி உள்ளே போகும்போது தொடும் புள்ளியிலிருந்து கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிடும், சுற்றியுள்ள கிரீஸ் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் பின்கள் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த பின்னில் கிரீஸ் நடுவே நின்றுவிடும். எனவே முதலில் காண்டாக்ட் கிளீனரால் களிம்பை அகற்றி, ஹோல்டரின் ஸ்பிரிங் தகடு தளர்ந்திருந்தால் லேசாக வளைத்து, பிறகு மெல்லியதாகத் தடவுங்கள். சக்கரத்துக்கு வைக்கும் கிரீஸ் இதற்கு வேண்டாம்.

பின்பக்க போல்ட்கள் மட்டும் ஏன் முதலில் துருப்பிடிக்கின்றன?

டயர் தூக்கி அடிக்கும் சேறும் உப்பும், சைலன்சர் சூடும், காயாத மடிப்புகளும் ஒரே இடத்தில் சேர்வதால். சாதாரண போல்ட்டின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு சில மைக்ரான் கனம்தான். அது இரும்புக்குப் பதிலாகத் தன்னைத் தின்னக் கொடுக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது. சிவப்பு தெரிந்தால் பூச்சு தீர்ந்துவிட்டது. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சிதைப்பது அந்தப் பூச்சைக் கையால் சுரண்டி எறிவதற்குச் சமம். ஜப்பானிய வண்டிகளின் சிலுவைத் திருகுகள் பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகை. சாதாரண சிலுவை முனை அதில் வழுக்கும்.

எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிட்டால் தொல்லை தீருமே?

விளக்கு, பிளேட், பேனல், மட்கார்டு ஆகியவற்றுக்கு ஆக்கலாம். ஏ2 என்ற ஸ்டெயின்லெஸ் ரகம் போதும், உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் ஏ4 ரகம். பிரேக் காலிப்பர், அச்சு, ஃபுட்ரெஸ்ட், சஸ்பென்ஷன் போல்ட்களைத் தொடாதீர்கள். 8.8 தர எஃகு போல்ட் 640 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும், ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450இலேயே நீளும். 10.9 என்றால் 900. தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள், மின்னுவது வலிமை அல்ல.

ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் உலர்வாக, வேகமாகத் திருகினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய், கையால் மெதுவாக. நைலான் நட் என்றால் இரட்டிப்புக் கவனம்.

அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போட்டால் ஒட்டிக்கொள்கிறதே?

இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகும். அதில் தேய்வது அலுமினியம். தேய்ந்த வெள்ளைப் பொடி மரைக்குள் வீங்கி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். மரையில் ஆன்டி-சீஸ் (இறுகி ஒட்டாமல் தடுக்கும்) பசை தடவுங்கள். நிக்கல் அல்லது துத்தநாகம் கலந்தது நல்லது. செம்புப் பசையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அலுமினியத்துக்கு அது சரியான ஜோடி அல்ல. தலையின் கீழ் ஒரு நைலான் வாஷரும் போட்டால் ஈரம் உள்ளே இறங்காது. எர்த் போல்ட்டுக்கு மட்டும் நைலான் வாஷர் போட்டுவிடாதீர்கள்.

இதையே தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சிறு அலுமினிய ரிவெட் வைத்தால் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு ரிவெட்டின் மேல் விழும், ரிவெட் சீக்கிரமே பொடியாகிவிடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் முதல். கையேடு இல்லாதபோது, எஃகில் திருகும் 8.8 தர எம்6க்கு உலர்வாகச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8க்குச் சுமார் 24. ஏ2-70 எம்6 என்றால் 7 அளவில் நிறுத்துங்கள். பசையோ எண்ணெயோ தடவியிருந்தால் உலர்வு அளவில் கால் பங்கைக் குறையுங்கள், அதே முறுக்குக்கு போல்ட் அதிகம் இழுபடும். லென்ஸ் திருகுகளுக்கு எண் வேண்டாம்: சிறு ஸ்க்ரூடிரைவர், இரண்டு விரல், கேஸ்கெட் அமுங்கியதும் நிறுத்தம்.

பிளாஸ்டிக் துளையில் ரப்பர் புஷ்ஷும் அதற்குள் ஒரு உலோகக் குழாயும் இருந்தால், அந்தக் குழாயைத் தொலைக்காதீர்கள். இறுக்கத்தைத் தாங்குவது அது. குழாய் இல்லாமல் இறுக்கினால் சில வாரங்களில் பிளாஸ்டிக் விரியும். நீலத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) உலோகத்துக்கு மட்டும். ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக் மேல் பட்டால் விரிசல் விடும். பிரேக் கிளீனரும் பெட்ரோலும் லென்ஸுக்கு அதே கதிதான்.

துருப்பிடித்து இறுகிய போல்ட்டை எப்படிக் கழற்றுவது?

ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் இரவே விடுங்கள். காலையில் தலையில் நேராக நாலு தட்டு தட்டுங்கள், அதிர்வில் துரு உடையும். கழற்றும் முன் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் திருப்புங்கள், பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்ததும் திரும்ப உள்ளே, மீண்டும் எண்ணெய். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்ப்பதுதான் தலை உடைவதற்குக் காரணம். சிலுவைத் திருகுக்கு இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் அடித்தால் திருப்பும் ஸ்க்ரூடிரைவர்). சூடு கொடுப்பது நல்ல வழிதான், ஆனால் லென்ஸும் பெட்ரோலும் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். சூடு கொடுக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

கழற்றிய துருப் போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

தலை வட்டமாகாமல், மரை மெலியாமல் இருந்தால் பயன்படுத்தலாம். 5 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்துங்கள். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் கண்ணெதிரே திரும்பத் துருவேறும். பூச்சு போய்விட்டதால் துத்தநாக ஸ்பிரே அல்லது பெயின்ட் அடித்துத்தான் மாட்ட வேண்டும். 10.9, 12.9 தரப் போல்ட்களை அமிலத்தில் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஊறி, வெளியே ஒன்றும் தெரியாமல், ஒரு நாள் முறியும். எம்6 போல்ட்டுக்கு இவ்வளவு பாடு தேவையா என்றால், புதியது கிடைக்குமானால் தேவையில்லை.

துரு வராமல் என்ன அடிப்பது, எப்போது?

டபிள்யூடி-40 போன்ற மெல்லிய ஸ்பிரே தண்ணீரை விரட்டும், ஆனால் சில நாளில் ஆவியாகிக் காணாமல் போகும். நீடிக்க வேண்டும் என்றால் லனோலின் அல்லது மெழுகு அடிப்படையிலான பூச்சு. கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, போல்ட் தலைகளிலும் பிராக்கெட் தகடுகளின் மடிப்புகளிலும் பிரஷால் தடவுங்கள். ஸ்பிரேயாக அடித்தால் டிஸ்க்கையும் டயரையும் துணியால் மூடுங்கள். டிஸ்க்கில் ஒரு மெல்லிய படலம் பட்டாலும் பிரேக் பிடிக்காது. மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் கழுவி ஒரு தடவை. சாலையில் உப்பு தூவும் நாடுகளில் அந்தப் பருவம் முழுக்க மாதம் ஒருமுறை.

பிரஷர் வாஷரில் கழுவலாமா?

பின்விளக்கின் விளிம்பு, சீட்டின் அடி, கப்ளர்கள், ஸ்விட்ச்கள் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். மழையைத் தடுக்கும் கேஸ்கெட் அந்த அழுத்தத்தைத் தடுக்காது. வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், மடிப்புகளில் நின்ற நீர் சூட்டிலும் காற்றிலும் போய்விடும். நிறுத்தும் முன் டெயில், பிரேக், இரு இண்டிகேட்டர் நான்கையும் ஒரு சுவரோரம் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒன்று மங்கினால் மல்டிமீட்டரை எடுத்து எர்த்திலிருந்து தொடங்குங்கள்.